கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

(மலாக்காவில் பெற்றோருக்கும், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "பல்கலைக்கழகப் பட்டம் செலவுக்கும் உழைப்புக்கும் ஈடானதா?" என்பது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கீகாரமுள்ள படிப்பாக இருந்து, கடன் அளவாக இருந்து, பிள்ளை அதை முடித்தும் விட்டால், அந்தப் பட்டம் நம் வீட்டுக்கு இன்றைக்கும் ஈடானதுதான். விசாரிக்காமல் சேர்ந்த படிப்பும், பாதியில் விட்ட படிப்பும், அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைத் துடைத்தெடுத்துக் கட்டிய படிப்பும் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பிள்ளையின் மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. சேரும் முன் வீட்டில் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டார்களா என்பதும் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போடத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பேச்சைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புலனத்தில் இப்போது காணொளிகள் வந்தபடி இருக்கின்றன. பட்டம் தேவையில்லை, பில் கேட்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவர்தானே என்கிறார்கள். பில் கேட்ஸ் 1975-இல் விட்டு வந்தது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை. அவருடைய அப்பா வழக்கறிஞர். தொழில் கவிழ்ந்திருந்தால் திரும்பிப் போக அவருக்கு வீடு இருந்தது, பல்கலைக்கழகமும் இருந்தது. மெர்லிமாவில் ஒரு தாய் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துப் படிக்க வைக்கிற பிள்ளைக்கு அப்படித் திரும்பிப் போக என்ன இருக்கிறது? பட்டம் வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில்தான் இருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளையிடம் மட்டும் "உனக்கு அது தேவையில்லை" என்று சொல்கிற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நூறு ஆண்டுக்கு மேலாக நம்மிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரானது நம் மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மரம் பால் கொடுக்கத் தொடங்கியபின் அதைச் சீவக் கைகள் வேண்டியிருந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. வைத்தார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியாரே வாத்தியாராக இருந்த பள்ளிகளும் உண்டு. ஆறாம் வகுப்போடு கதவு சாத்தப்படும். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போகவேண்டும். அங்கே பாடம் வேறு மொழியில், போக வர பஸ் காசு வேறு.

இதில் இளையவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. லயத்து வீடு நம்முடையதாக இருந்ததில்லை. வேலை இருந்தால்தான் வீடு. அப்பாவுக்கு வயதாகி மரம் சீவும் நிரையை விட்டு இறங்கும்போது, வீட்டில் ஒருவர் அந்த வேலையை எடுத்தால்தான் குடும்பம் அங்கேயே இருக்கலாம். மூன்றாம் படிவத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த எத்தனையோ அண்ணன்மார் புத்தகத்தை வைத்துவிட்டு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றது இதற்காகத்தான். அவர்களுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. குடும்பத்தின் தலைக்கு மேல் இருந்த கூரைக்கு அவர்கள் படிப்பை விலையாகக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் முதல் பட்டதாரி என்று ஒருவரை மேடையேற்றிப் பாராட்டும்போது, அவருக்கு மூத்தவர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பட்டத்தில் பாதி அவருடையது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1950-களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கப் பேச்சு நடந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். "தமிழ் எங்கள் உயிர்" என்று பெயரிட்டு நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எளிய தொழிலாளர்கள். துறை 1956-இல் தொடங்கியது. பிறகு கோலாலம்பூர் வந்தது, தனிநாயகம் அடிகளார் வந்தார், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே நடந்தது. அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. தன் பிள்ளை மிதிக்கும் என்பதற்கும் அவருக்கு உறுதி இல்லை. இருந்தும் கொடுத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கேயும் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டியது இதே மக்கள்தான். சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒருவருடைய பட்டம் ஊருக்கு என்ன செய்யமுடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை பட்டம் வாங்க ஏறக்குறைய ஐந்து ஆண்டு பிடிக்கிறது என்று வையுங்கள். அந்த ஐந்து ஆண்டும் அவன் வேலைக்குப் போயிருந்தால் 102,000 ரிங்கிட் வீட்டுக்கு வந்திருக்கும். படிப்பின் பெரிய செலவு இதுதான். கல்லூரிக் கட்டணம் நம் கண்ணில் படுகிறது, இது படுவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே சுமக்கிறது. நாம் கட்டுவதும் புத்தகமும் பயணமும் சேர்த்து 10,000 கூடும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 112,000.

பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாகச் சொல்லவில்லை. வித்தியாசம் மாதம் 800, ஆண்டுக்கு 9,600. போட்ட முதல் திரும்பி வரப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும். 23 வயதில் வேலைக்குப் போனவன் 35 வயதில் சமநிலைக்கு வருகிறான். நம் நாட்டில் ஓய்வு வயது 60. மிச்சம் இருக்கிற 25 ஆண்டும் லாபம்.

இதே படிப்பைத் தனியார் கல்லூரியில் 80,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்துப் படித்தால் மொத்தம் 192,000. திரும்பி வர 20 ஆண்டு. பிள்ளைக்கு 43 வயதாகிவிடும். கடனுக்கான சேவைக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டால்? கடன் நிற்கும், சம்பளம் 1,700-லேயே நிற்கும்.

இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு, எனக்குத் தெரியும். பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஓ.டி. பார்க்கிற தம்பி முதல் சில ஆண்டுகளில் பட்டதாரியைவிட அதிகமாகக்கூட வீட்டுக்குக் கொண்டுவருவான். பக்கத்து வீட்டுப் பட்டதாரியைப் பார்த்து, "படிச்சு என்னத்தக் கண்டே?" என்று கேட்பான். புள்ளிவிவரத் துறையின் கணக்கும் அவன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் படிப்புக்குக் குறைந்த வேலையில்தான் இருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு உங்களிடம் பேசினால் அது நேர்மையாகாது. ஆனால் 40 வயதில் முதுகு வலி வந்தபின் ஓ.டி. பார்க்க முடியாது. அந்த வயதில்தான் பட்டம் தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. பத்து பெரண்டாமில் இன்று இன்ஃபினியோனாக இருக்கிற தொழிற்சாலை 1973-இல் சீமென்ஸ் என்ற பெயரில் வந்தபோது, தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போன நம் அக்காமார் ஆப்பரேட்டர்களாகப் போனார்கள். இன்று அதே மாதிரித் தொழிற்சாலைகளில் எஞ்சினியராகவும் டெக்னீஷியனாகவும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடையில் நடந்தது படிப்பு.

ஆகவே முதல் பாடம், மலிவான வாசலைத் தேடுங்கள். மலாக்காவில் அதற்குக் குறைவில்லை. டுரியான் துங்காலில் யு.டி.இ.எம். இருக்கிறது. 2000-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசாங்கத்துடையது. ஜாசின் பக்கம் மெர்லிமாவ் போலிடெக்னிக். பாலாய் பாஞ்சாங்கில் மலாக்கா போலிடெக்னிக். அங்கே டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். மஸ்ஜித் தானாவில் மெட்ரிகுலேஷன் கல்லூரி. மெட்ரிகுலேஷன் இடங்களில் பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீடு நம்மை எப்படி வாட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். 2024-இல் பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. ஆறாம் படிவம். இதை நம் மக்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். "ஃபார்ம் சிக்ஸா? ரொம்பக் கஷ்டம் சார், மறுபடியும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போகணும்" என்கிறார்கள். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். செலவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். கையில் வருகிற எஸ்.டி.பி.எம். சான்றிதழை அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தைப் பதினெட்டு வயதில் பிள்ளை பட்டால், ஐம்பத்தைந்து வயதில் அப்பா படவேண்டியதில்லை. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படிக்கும்போதே படித்தொகை கொடுக்கிறார்கள். போட்டி கடுமை. முயன்று பார்க்காமல் விட்டுவிடக்கூடாது.

இனி அந்தப் பளபளப்பான கையேட்டைப் பற்றிப் பேசவேண்டும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். குறைந்த விலை அடுக்கு வீடு. அப்பா தோட்டத்தில் பால் மரம் சீவியவர், இப்போது பாதுகாவலர் வேலை. அம்மா தொழிற்சாலைக் கேண்டீனில். மகள் எஸ்.பி.எம்-மில் நன்றாகவே செய்திருந்தாள். மேசைமேல் ஒரு தனியார் கல்லூரியின் கையேடு. கல்விக் கண்காட்சியில் கொடுத்தது, கூடவே ஒரு பையும் பேனாவும். பதிவுக் கட்டணம் அங்கேயே கட்டியாகிவிட்டது, "இன்னிக்குக் கட்டினா கழிவு உண்டு" என்று சொன்னதால். நான் நான்கு கேள்வி கேட்டேன். முழுப் படிப்புக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? எம்.கியூ.ஏ. அங்கீகாரம் முழு அங்கீகாரமா, தற்காலிகமா? பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் எவ்வளவு கிடைக்கும், மிச்சத்தை யார் கட்டுவது? போன ஆண்டு முடித்த பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. கையேட்டைப் புரட்டினால் முதல் பருவத்தின் தொகை மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அப்பா உள்ளே போய் இ.பி.எஃப். அறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "இது போதுமா சார்?" என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் அதிகாலையில் எழுந்து சேர்த்த பணம் அது. கல்விக்காக அதன் ஒரு பகுதியை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய நான்கு கேள்வி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அந்தப் பெண் பிறகு ஆறாம் படிவத்துக்குப் போனாள். பதிவுக் கட்டணம் போனது போனதுதான்.

எம்.கியூ.ஏ. என்பது 2007-இலிருந்து இருக்கிற தகுதி நிர்ணய அமைப்பு. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பொறியியல் என்றால் பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்றும், தாதிமை என்றால் தாதியர் வாரியம் ஏற்கிறதா என்றும் தனியாகப் பாருங்கள். பி.டி.பி.டி.என். 1997-இல் வந்தது. வட்டிக்குப் பதிலாக ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். வெளியில் கிடைக்கிற வங்கிக் கடனைவிட இது மலிவு. முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடும் உண்டு. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருப்பதால் சேரும் ஆண்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கடன் கடன்தான். கட்டாதவர்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தடை போட்ட காலம் ஒன்று இருந்தது, 2018-இல்தான் எடுத்தார்கள். சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பிய நம் பிள்ளைகள் எல்லையில் தடுக்கப்பட்டு நின்ற காலம் அது.

மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், மன்னியுங்கள். நம் சமுதாயத்தில் டாக்டர் என்ற சொல்லுக்கு இருக்கிற மயக்கம் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. 2005-இல் கிரிமியாவில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்கு நம் நாட்டு அங்கீகாரம் தொடராது என்று செய்தி வந்தபோது, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த இந்தியப் பெற்றோர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்க்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி, கொவிட் உச்சத்தில் இருந்தபோது, அந்த ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புடை அணிந்து மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். படிப்பு முடித்ததும் நிரந்தர வேலை என்ற பழைய உறுதி இன்று இல்லை. அறிவும் ஆர்வமும் உள்ள பிள்ளை மருத்துவம் படிக்கட்டும். வீட்டை அடகு வைத்து, ஆர்வமில்லாத பிள்ளையை டாக்டராக்கப் பார்க்காதீர்கள்.

செலவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். உழைப்பைப் பற்றியும் பேசவேண்டும், அதிலேதான் நாம் அதிகம் பேரை இழக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்து, மலாயில் இடைநிலைப் பள்ளி முடித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் புத்தகத்தை விரிக்கிற பிள்ளை மூன்று மொழிகளின் வாசலைத் தாண்டி வந்திருக்கிறது. முதல் பருவத்தில் தேர்ச்சி குறைந்தால், "நமக்கு இது சரிப்படாது" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதன் பக்கத்து அறையில், அப்பாவும் அம்மாவும் பட்டதாரிகளாக உள்ள வீட்டுப் பிள்ளையும் அதே பாடத்தில் தோற்றிருக்கும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியும், மறுபடி எழுதலாம் என்று. நம் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கியபோது டியூஷன் வகுப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. படித்துக்கொண்டிருந்த மாணவர்களையே தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அதன் அருமை எனக்குப் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. பாடத்தைவிட, "நானும் இங்கேதான் விழுந்தேன், எழுந்துவிட்டேன்" என்று ஒரு அண்ணன் சொல்வது பெரிது.

எல்லாரும் பல்கலைக்கழகம் போகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. தபோ நானிங்கில் அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. வெல்டிங்கிலும் மின்சார வேலையிலும் குளிர்சாதன வேலையிலும் கைதேர்ந்த பிள்ளை, மனமில்லாமல் நிர்வாகப் பட்டம் வாங்கியவனைவிட நிம்மதியாகச் சம்பாதிப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். முப்பது வயதில் படிக்க ஆசை வந்தால் வேலை அனுபவத்தையே தகுதியாக ஏற்றுக்கொள்ளும் அப்பெல் முறை இருக்கிறது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திறன் படிப்பைப் படிப்பில் தோற்றவர்களின் இடம் என்று நினைத்துப் பிள்ளையை அனுப்பாதீர்கள். தனக்குப் பிடித்த இடம் என்று பிள்ளை தானே நினைத்துப் போகும்படி பேசி அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் படிப்புக்குச் சேர்த்த பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். வைத்தால் எது முதலில் செலவாகும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

கடைசியாக, இந்த மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடிவு வந்த நாளிலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பம் முடியும் வரைக்கும், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வகுப்பறையை மாலையில் திறந்து வைக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கணினி, இணையம், ஆறாம் படிவமும் போலிடெக்னிக்கும் முடித்த முன்னாள் மாணவர் இரண்டு பேர் போதும். அந்த ஊர்ப் பிள்ளை எந்தப் பள்ளியில் எஸ்.பி.எம். எழுதியிருந்தாலும் வரட்டும். விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பட்டும். கல்லூரிக் கையேட்டைக் கொண்டுவரும் பெற்றோரிடம் அந்த நான்கு கேள்வியையும் முன்னாள் மாணவர்கள் கேட்கட்டும். ஜாசின், மெர்லிமாவ், புலாவ் செபாங் ஆகிய மூன்று ஊர்களில் இந்த ஆண்டே தொடங்க ஆட்கள் முன்வந்திருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு ஆள் தேவை. பெயர் எழுதும் தாள் வாசலில் இருக்கிறது. கையில் சேர்க்கைக் கடிதமோ கடன் பாரமோ வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடாமல் இங்கே கொண்டு வாருங்கள். மண்டபத்தை எட்டு மணிக்குப் பூட்டுவார்கள், அதுவரை நான் இருப்பேன்.